டாக்ஸி மீட்டரும் 12 என்ற எண்ணும்: ஒரு கணக்குப் போர்ட்ஃபோலியோ முதல் தடவை தேறாமல் போன நிகழ்வு

பின்னணி

நியூயார்க் நகரத்தில் ஒரு பொது உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். 2023–24 கல்வியாண்டில் என்னிடம் படித்த ஒரு மாணவியின் கதை இது. பள்ளியின் பெயரும் அவள் பெயரும் இதில் வராது, ஆளைக் கண்டுபிடிக்கக்கூடிய இரண்டொரு விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணக்கையும், நான் செய்த தப்பையும் மாற்றவில்லை.

இந்த ஊர் முறை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நியூயார்க் மாநிலத்தில் பள்ளியை முடித்து டிப்ளமோ வாங்க ரீஜென்ட்ஸ் தேர்வுகளைத் தாண்ட வேண்டும். உயர்நிலைப் பள்ளிகளுக்கு 1878-லிருந்து நடக்கிற தேர்வு, நம் ஊர் பொதுத் தேர்வு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ரொம்ப காலம் எல்லாருக்கும் அது கட்டாயமாக இருக்கவில்லை, 1990-களின் நடுவில்தான் அத்தனை மாணவர்களும் எழுதித் தேற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். கணக்கில் பெரும்பாலும் எழுதுவது அல்ஜீப்ரா 1. மூன்று மணி நேரம், அப்போதிருந்த வடிவில் 37 கேள்விகள், 86 மதிப்பெண். தேற 65 வேண்டும். அது நூற்றுக்கு அறுபத்தைந்து என்று நினைத்துவிடாதீர்கள், 86-க்குச் சுமார் 30 எடுத்தாலே, எடுத்த மதிப்பெண்ணை வேறு அளவுக்கு மாற்றித் தருகிற அட்டவணையில் அது 65 ஆகிவிடும். ப்ளஸ் டூ கணக்கு 200 மதிப்பெண்ணாக இருந்த காலத்தில் படித்து, ஒவ்வொரு பத்து மார்க் கேள்விக்கும் விடையை மனப்பாடமாக எழுதிவிட்டு வந்தவள் நான், இதை முதலில் கேட்டபோது சிரிப்புதான் வந்தது. இப்போது வருவதில்லை.

இந்தத் தேர்வுகளிலிருந்து விலக்குப் பெற்ற பள்ளிகள் சில உண்டு. 1995-ல் மாநிலக் கல்வி ஆணையராக இருந்த தாமஸ் சோபோல் கொடுத்த விலக்கு, அவருக்குப் பின் வந்த ரிச்சர்ட் மில்ஸ் அதை முடித்துவிடப் பார்த்தார், பள்ளிகள் போராடித் தக்கவைத்துக்கொண்டன. இந்தக் கூட்டமைப்புக்கு நியூயார்க் பெர்ஃபாமன்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ் கன்சார்ட்டியம் என்று பெயர், நாற்பதை ஒட்டிய எண்ணிக்கையில் பள்ளிகள், பெரும்பாலானவை நகரத்துக்குள்ளேயே, எங்கள் பள்ளியும் அதில் ஒன்று. இங்கே படிப்பவர்கள் ஆங்கில ரீஜென்ட்ஸ் எழுதினால் போதும். மற்றதற்கெல்லாம் போர்ட்ஃபோலியோ: ஓர் இலக்கியக் கட்டுரை, ஒரு சமூக அறிவியல் ஆய்வு, ஓர் அறிவியல் சோதனை, ஒரு கணக்குக் கட்டுரை. எழுதி, திருத்தி, மறுபடி எழுதி, கடைசியில் ஒரு குழுவின் முன் உட்கார்ந்து கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். குழுவில் வெளியாள் ஒருவராவது இருப்பார். ஆசிரியர்கள் பேச்சில் இதற்கு ‘பிபேட்’ என்று பெயர்.

கணக்குக்கு மதிப்பீட்டு அட்டவணையில் ஐந்து தலைப்பு: பிரச்சினையைத் தீர்ப்பது, காரணம் காட்டி நிறுவுவது, எடுத்துச் சொல்வது, மற்ற கணக்குகளோடு தொடர்புபடுத்துவது, வரைபடமாகவோ சமன்பாடாகவோ காட்டுவது. ஒவ்வொன்றுக்கும் நாலு நிலை, மேலிருந்து மிகச்சிறப்பு, நன்று, போதுமானது, திருத்தம் தேவை. ‘தோல்வி’ என்ற வார்த்தை அட்டவணையில் கிடையாது. ஆனால் கடைசி நிலை கிடைத்த குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அதுவும் தோல்விதான் என்று தெரியும்.

மாணவி

பங்களாதேஷிலிருந்து ஒன்பதாம் வகுப்பில் வந்தவள். அப்பா மஞ்சள் டாக்ஸி ஓட்டுகிறார். முதலில் ஒரு சாதாரண பள்ளியில் சேர்ந்து அல்ஜீப்ரா 1 ரீஜென்ட்ஸ் இரண்டு தடவை எழுதினாள், 44, அப்புறம் 47. பதினோராம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கு மாறி வந்தாள். வரும்போது அவள் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இங்கே பரீட்சை இல்லையாமே, அப்போ காலேஜ்ல இந்த டிப்ளமோவை ஒத்துக்குவாங்களா?" நியாயமான கேள்வி. ஒத்துக்கொள்வார்கள், அதே டிப்ளமோதான்.

இங்கிலீஷ் வராததால்தான் கணக்கு போயிற்று என்று அவளுடைய பழைய பள்ளிக் குறிப்பில் இருந்தது. முதல் மாதத்திலேயே அது பாதி உண்மைதான் என்று தெரிந்துவிட்டது. வாக்கியமே இல்லாத வெறும் சமன்பாட்டிலும் திணறினாள். சமக்குறிக்கு இந்தப் பக்கம் இருப்பதை அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும் என்று தெரியும், ஏன் மாறுகிறது என்று தெரியாது, அதனால் சில நேரம் மாற்றுவாள், சில நேரம் மாற்றமாட்டாள். ஆனால் சில்லறைக் கணக்கில் புலி. பெருக்கலும் வகுத்தலும் மனசுக்குள்ளேயே ஓடும், அப்பாவின் தினசரி வரவை எழுதிவைப்பது இவள்தான் என்று பின்னால் தெரிந்தது.

தலைப்பு கிடைத்த விதம்

பன்னிரண்டாம் வகுப்பு, 2023 செப்டம்பர். பாதிப் பேர் பந்து எறிவதைப் பரவளையமாக வரைகிற பழைய தலைப்பையே எடுப்பார்கள், கூடைப்பந்து, தண்ணீர் ஊற்று, ஏவுகணை, எல்லாமே ஒரே கட்டுரை, பெயர்தான் வேறு. இவள் டாக்ஸிக் கட்டணத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றாள். எனக்குச் சந்தோஷம்.

2022 டிசம்பரில் கட்டணம் ஏறியிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் 3 டாலர். அப்புறம் வண்டி மணிக்கு 12 மைலுக்கு மேல் போனால் ஒவ்வொரு ஐந்தில் ஒரு பங்கு மைலுக்கும் 70 சென்ட், அதற்குக் கீழே ஊர்ந்தாலோ நின்றாலோ ஒவ்வொரு 60 நொடிக்கும் 70 சென்ட். இரவு, மாலை நெரிசல் நேரம், நெரிசல் பகுதி என்று சேர்கிற தனித் தொகைகளை விட்டுவிடலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம்.

அவளுடைய முதல் வரைவில் இருந்தது ஒரே ஒரு சூத்திரம்: கட்டணம் = 3 + 3.50 × மைல். ஐந்து எழுபது மூன்றரை, சரிதான். ஒரு நேர்கோடு, சாய்வு 3.50, அவ்வளவுதான். நேரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, என் தப்பு

இங்கேதான் நான் அவசரப்பட்டேன். நேர்கோடு மட்டும் போதாது, குழு இதை ஏற்காது என்று எனக்குத் தெரியும், ஜனவரி அமர்வுக்கு ஏழெட்டு வாரம்தான் இருந்தது, என் பட்டியலில் இன்னும் இருபது சொச்சம் பேர். அவளுடைய கூகுள் டாக்ஸைத் திறந்து ஓரத்தில் குறிப்பு எழுதுவதற்குப் பதில் கட்டுரைக்குள்ளேயே ஒரு பத்தி எழுதிவிட்டேன். 12 மைலுக்கு மேலே தூரம், கீழே நேரம், இரண்டையும் சேர்த்துத் துண்டு துண்டாக வரையறுக்கிற ஒரு சார்பு, கூடவே படிப்படியாக ஏறுகிற ஒரு வரைபடம். டெஸ்மாஸ் என்கிற வரைபடம் போடும் இணையதளத்தில் அந்த வரைபடத்தைப் போட்டது அவள் கைதான், ஆனால் என்ன டைப் செய்ய வேண்டும் என்று சொன்னது நான்.

உதவி என்றுதான் நினைத்தேன். அவளும் அந்தப் பத்தியைத் தன் வார்த்தையில் மாற்றி எழுதினாள், வார்த்தை மாறியது, அவ்வளவுதான். டிசம்பர் வரைவைப் படித்தால் நல்ல கட்டுரை. இன்னொரு டீச்சரும் படித்துவிட்டு நன்று என்றார். அந்த நிலையில் கட்டுரையை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் அவள் அப்போதே தேறியிருப்பாள், நானும் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஜனவரி: முதல் அமர்வு

குழுவில் மூன்று பேர். நான், இன்னொரு கணக்கு டீச்சர், ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கணக்கு பார்க்கிற வெளியாள். பதினைந்து நிமிடம் அவள் விளக்கினாள், கொஞ்சம் வேகமாக, ஸ்லைடைப் பார்த்தபடியே.

வெளியாள் முதல் கேள்வி கேட்டார், ரொம்ப மென்மையாகத்தான்: "ஏன் 12? 10 வைத்தால் என்ன, 15 வைத்தால் என்ன?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "டாக்ஸி கமிஷன் விதி அது" என்றாள்.

பொய் இல்லை. விதியில் அப்படித்தான் இருக்கிறது. அவர் விடாமல், சரி, கமிஷன் எப்படி அந்த எண்ணுக்கு வந்திருக்கும் என்று கேட்டார். மௌனம். இன்னொரு டீச்சர் பேச்சை மாற்றி அவளைக் கொஞ்சம் ஆசுவாசப்படுத்தலாம் என்று, போர்டில் முதல் அரை மைலுக்கு மீட்டர் எப்படி ஏறும் என்று வரைந்து காட்டச் சொன்னார். 3-ல் தொடங்கி ஒரு நேர்கோடு வரைந்தாள். பின்னால் திரையில் அவளுடைய சொந்த ஸ்லைடில் படிப்படியான வரைபடம் இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம், அவளும் திரும்பிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் வந்த பத்து நிமிடத்தை இங்கே எழுதப் போவதில்லை.

அவளை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினோம். இன்னொரு டீச்சர் ‘போதுமானது’ கொடுத்துவிடலாம் என்றார். அவர் வாதமும் சும்மா தள்ளக்கூடியதில்லை: கட்டுரை நன்றாக இருக்கிறது, பதற்றம், இரண்டாவது மொழி, ரீஜென்ட்ஸில் இதே பெண் நாலு விடையில் ஒன்றைக் குறித்துத் தேறியிருந்தால் யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்களா? வெளியாள் முடியாது என்றார், கட்டுரையில் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை, தெரியாததற்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது. நான்தான் மூன்றாவது. அந்தப் பத்தி என்னுடையது என்று அங்கேயே சொன்னேன். சொல்லிவிட்டு ‘திருத்தம் தேவை’க்குக் கை தூக்கினேன். சொல்வதற்கு எளிதாக இருக்கவில்லை, வீட்டுக்குப் போகிற வழியில் ஏழாம் எண் ரயிலில் ஒரு ஸ்டேஷன் தாண்டிப் போய் இறங்கினேன்.

எடுத்த முடிவும் காரணமும்

மறுநாள் அவள் என்னிடம் பேசவில்லை. அதற்கடுத்த நாள் வந்து, "மிஸ், என் அக்கா ரீஜென்ட்ஸ் எழுதி மூணு மணி நேரத்துல முடிச்சிட்டா. நான் நாலு மாசமா ஒரே கணக்கு போடறேன்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மூன்று வழி இருந்தது. கேட்ட அந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிக் கொடுத்து இரண்டு வாரத்தில் மறுபடி உட்காரவைப்பது, பெரும்பாலான பள்ளிகளில் அவசரத்துக்கு இதுதான் நடக்கும், எங்கள் பள்ளியிலும் நடந்திருக்கிறது. இல்லையென்றால் தலைப்பை மாற்றி எல்லாரும் செய்கிற பந்துக் கட்டுரைக்குப் போவது. இரண்டையும் வேண்டாம் என்றேன். முதலாவதில் மனப்பாடம்தான் வரும், நான் மனப்பாடத்தில் வளர்ந்தவள், அதன் வாசனை எனக்குத் தெரியும். இரண்டாவதில் அவளுக்குத் தெரிந்த ஒரே உலகத்தை நாமே பிடுங்கிவிடுகிறோம்.

மூன்றாவது வழி: டிசம்பர் பத்தியை முழுதாக அழித்துவிட்டு, அவளுடைய பழைய நேர்கோட்டுக்கே திரும்பிப் போய், அந்தக் கோடு உண்மையில் சரியா என்று அவளையே சோதித்துப் பார்க்கச் சொல்வது. சோதிக்க என்ன வேண்டும்? ரசீது. டாக்ஸி ரசீதில் தூரம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கட்டணம் எல்லாம் அச்சாகி வரும்.

ரசீது கேட்டதும் அவள் அப்பா பயந்துவிட்டார். மகள் வழியாகப் பள்ளிக்கூடம் தன் வருமானத்தைக் கேட்கிறது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டிய விஷயம். போனில் பேசினேன், என் இந்தியும் அவர் இந்தியும் சேர்ந்து ஒரு மாதிரி ஓடியது. வண்டி எண், தேதி இருக்கிற மேல் பகுதியை அவரே கிழித்துவிட்டுக் கொடுக்கலாம், மைல், எத்தனை நிமிடம், அடிப்படைக் கட்டணம் இந்த மூன்று போதும், மொத்த வரவை யாரும் கூட்டிப் பார்க்க மாட்டோம் என்று ஒப்பந்தம். நாற்பது ரசீது வந்தது, ஒரு பிளாஸ்டிக் பையில்.

பிப்ரவரி, மார்ச்: ரசீதுகள்

அவள் நாற்பதுக்கும் 3 + 3.50 × மைல் போட்டுப் பார்த்தாள். விமான நிலையப் பக்கம் நெடுஞ்சாலையில் ஓடிய சிலது மட்டும் கிட்டத்தட்ட ஒத்துவந்தது. மன்ஹாட்டன் பயணங்களில் ஒன்றுகூட ஒத்துவரவில்லை, எல்லாவற்றிலும் உண்மைக் கட்டணம் அதிகம். முதல் வாரம் தன் பெருக்கல்தான் தப்பு என்று நினைத்து எல்லாவற்றையும் மறுபடி போட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கணக்கு சொல்லிக்கொடுக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்புறம் நேரத்தை வைத்துப் போட்டாள். அதிலும் இடித்தது. அந்த ஒரு ரசீதை மட்டும் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாமே அதில் இருக்கிறது.

2.4 மைல், 19 நிமிடம். தூரத்தை மட்டும் பார்த்தால் 2.4-ல் ஐந்தில் ஒரு மைல் துண்டுகள் 12 இருக்கின்றன, 12 × 0.70 = 8.40, கூட 3 சேர்த்தால் 11.40. நேரத்தை மட்டும் பார்த்தால் 19 நிமிடம், 19 × 0.70 = 13.30, கூட 3 சேர்த்தால் 16.30. ரசீதில் இருந்தது 18.40.

இரண்டையும்விட அதிகம். "மிஸ், மீட்டர் ஏமாத்துது" என்று வந்து நின்றாள், கோபமாகவே. அப்பாவுக்குத் தெரிந்தே மீட்டர் ஏமாற்றுகிறதோ என்ற பயமும் அதில் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்பாவையே கேள் என்றேன். வீட்டில் கேட்டிருக்கிறாள், அவர் சிரித்துவிட்டுச் சொன்னாராம், சிக்னலில் நிற்கும்போது கடிகாரம் ஓடும், பச்சை விழுந்ததும் மைல் ஓடும், மீட்டர் எப்போதும் எது லாபமோ அதைத்தான் எண்ணும்.

ஒரு வாக்கியத்தில் மனிதர் துண்டுவாரிச் சார்பைச் சொல்லிவிட்டார். நான் டிசம்பரில் ஒரு பத்தி எழுதியும் வராதது.

அடுத்த வாரம் ஒரு தாளோடு வந்தாள். ஒவ்வொரு 70 சென்ட் ஏற்றத்துக்கும் ‘க்ளிக்’ என்று பெயர் வைத்திருந்தாள். 18.40-ல் 3 போனால் 15.40, அதை 0.70-ஆல் வகுத்தால் 22 க்ளிக். அதில் 12 தூரத்துக்கு வந்தது என்றால் மீதி 10 நின்ற நேரத்துக்கு. ஆக 19 நிமிடத்தில் 10 நிமிடம் சிக்னலில் நின்றிருக்கிறார், 9 நிமிடத்தில்தான் 2.4 மைல் ஓடியிருக்கிறது, அப்படியென்றால் ஓடும்போது வேகம் மணிக்கு 16 மைல், 12-ஐவிட அதிகம், அதனால் தூரத்தை எண்ணியதும் சரி. வட்டம் மூடிக்கொண்டது. அவள் இதை எந்தச் சமன்பாடும் இல்லாமல் சொன்னாள், சமன்பாடு பின்னால் வந்தது.

நான் கேட்டது ஒன்றே ஒன்று: நின்ற நேரம் சரியாக 10 என்று எப்படித் தெரியும், ஊர்ந்து போயிருந்தால்? இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். மெதுவாக ஊர்ந்து கடந்த தூரம் கொஞ்சம் இருந்தால் தூரத்துக்கான க்ளிக் 12-க்குக் குறையும், அப்போது நேரத்துக்கான க்ளிக் கூடும். எனவே ‘சரியாக 10’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு ‘குறைந்தது 10’ என்று மாற்றினாள். அந்தப் பேனாக் கோடு இருக்கிற தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஏப்ரலில் ஒரு மதியம், சாப்பாட்டு நேரம், கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். "அந்த 12, அது விதி இல்ல மிஸ். அது வகுத்தல்." ஐந்தில் ஒரு மைலைச் சரியாக 60 நொடியில் கடந்தால் எந்த வழியில் எண்ணினாலும் ஒரே க்ளிக். அப்படியென்றால் ஒரு மைலுக்கு 5 நிமிடம், 60 நிமிடத்தில் 12 மைல்.

மே: இரண்டாவது அமர்வு

அதே மூன்று பேர். இந்தத் தடவை ஸ்லைடு இல்லை, போர்டும் ரசீதுகளும்தான். வெளியாள் அதே கேள்வியிலிருந்தே தொடங்கினார், 10 வைத்தால் என்ன ஆகும் என்று. அவள் வேகத்தைக் கிடைமட்டமாகவும் ஒரு மணி நேரத்துக்கு மீட்டர் சேர்க்கிற பணத்தைச் செங்குத்தாகவும் வைத்து வரைந்தாள். மெதுவாகப் போனால் நிமிடத்துக்கு 70 சென்ட், மணிக்கு 42 டாலர், தட்டையான கோடு. வேகமாகப் போனால் மைலுக்கு 3.50, கோடு ஏறும். 12-ல் இரண்டும் 42-ல் ஒட்டிக்கொள்கின்றன. 10-ல் மாற்றினால் அந்த இடத்தில் கோடு 42-லிருந்து 35-க்குத் தொப்பென்று விழும், "அப்போ கொஞ்சம் வேகமா போனா என் அப்பாவுக்கு நஷ்டம்" என்றாள்.

பிறகு ஒத்திகை பார்க்காத கேள்வி ஒன்று வந்தது, நான்கூட எதிர்பார்க்கவில்லை. 2022-க்கு முன்னால் ஒரு க்ளிக் 50 சென்டாகத்தானே இருந்தது, அப்போது அந்த எல்லை வேகம் எவ்வளவாக இருந்திருக்கும் என்று இன்னொரு டீச்சர் கேட்டார். கணக்குப் போடப் போனாள், சாக்பீஸை எடுத்தாள், எடுத்தவள் நிறுத்திவிட்டாள். "அதே 12. விலை ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், அடிபட்டுப் போயிடும். ஐந்தில் ஒண்ணும் அறுபதும் மாறினாத்தான் அது மாறும்."

காரணம் காட்டி நிறுவுவதற்கு ‘நன்று’. ஒட்டுமொத்தமாக ‘போதுமானது’. சமன்பாட்டுப் பகுதியில் இன்னமும் குறித் தப்பு இருந்தது, அதற்குக் குறைத்தோம். ஒருவர்கூட மாற்றுக் கருத்துச் சொல்லவில்லை. ஆங்கில ரீஜென்ட்ஸும் மற்ற மூன்று கட்டுரைகளும் ஏற்கெனவே முடிந்திருந்தன. ஜூனில் டிப்ளமோ வாங்கினாள்.

பிறகு

நகரத்திலேயே ஒரு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தாள். புள்ளியியல் வகுப்பு, கூடுதல் உதவி நேரத்தோடு. முதல் செமஸ்டர் முடிந்து பள்ளிக்கு வந்தபோது வகுப்பு எப்படி என்று கேட்டேன். ரசீது மாதிரித் தரவு வருகிற இடமெல்லாம் பிடித்திருக்கிறது, சூத்திரத்தை மாற்றி எழுதச் சொல்கிற இடத்தில் இன்னமும் தடுமாற்றம். இதை மறைக்க விரும்பவில்லை. அவள் டாக்ஸி மீட்டரை ஆழமாகத் தெரிந்துகொண்டாள், ஆனால் இருபடிச் சமன்பாடு, அடுக்குச் சார்பு இதெல்லாம் அந்தக் கட்டுரையில் எட்டிப் பார்க்கவே இல்லை. ரீஜென்ட்ஸ் 37 கேள்வியில் பாடம் முழுவதையும் மேலோட்டமாகத் தொட்டுப் பார்த்துவிடும், நாங்கள் ஓர் இடத்தில் கிணறு தோண்டினோம். எது தேவை என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன், ஆனால் டிப்ளமோவை எதில் கட்டிவைப்பது என்று கேட்டால் 47 வாங்கிய அந்தத் தாள் அவளைப் பற்றி எனக்கு என்ன சொன்னது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கிடையில் மாநிலக் கல்வித் துறையே 2024 நவம்பரில் ஒரு திட்டத்தை முன்வைத்தது. அதன்படி 2027–28 கல்வியாண்டிலிருந்து டிப்ளமோவுக்கு ரீஜென்ட்ஸ் கட்டாயம் இல்லை, தேர்வு இருக்கும், தேற வேண்டும் என்ற நிபந்தனைதான் போகும். அதே மாதம் மாசசூசெட்ஸில் எம்காஸ் என்கிற மாநிலத் தேர்வில் தேறினால்தான் டிப்ளமோ என்ற விதியை மக்கள் வாக்கெடுப்பிலேயே நீக்கினார்கள். மற்ற பள்ளிகளின் டீச்சர்கள் இப்போது எங்களைப் பார்க்க வருகிறார்கள், எல்லாரும் முதலில் கேட்பது மதிப்பீட்டு அட்டவணையைத்தான். கொடுக்கிறேன். கூடவே இந்தக் கதையையும் சொல்கிறேன், ஏனென்றால் டிசம்பரில் எங்களிடமும் அதே அட்டவணை இருந்தது, அதை வைத்துத்தான் என் பத்தியை நாங்கள் ‘நன்று’ என்றோம்.

என்ன மாற்றியிருக்கிறேன்

மாணவரின் கோப்புக்குள் நான் டைப் செய்வதை அடியோடு நிறுத்திவிட்டேன். ஓரக் குறிப்பு மட்டும், அதுவும் கேள்வியாக. எங்கே எவ்வளவு உதவினேன் என்று ஒரு பக்கம் எழுதிக் குழுவிடம் முன்கூட்டியே கொடுக்கிறேன், முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது அந்தப் பக்கம் இல்லாமல் குழுவில் உட்காரவே பிடிக்கவில்லை.

முதல் வரைவு வந்ததுமே, கட்டுரையைப் படிக்காத ஒரு டீச்சர் முன்னால் பத்து நிமிடம் வெறும் போர்டோடு பேசச் சொல்கிறோம். மதிப்பெண் கிடையாது. இவளுக்கு அக்டோபரில் அது நடந்திருந்தால் நேர்கோடு அன்றைக்கே போர்டில் வந்திருக்கும், ஜனவரியில் மூன்று பேர் முன்னால் வந்திருக்காது.

குடும்பத்துக்காரர்களின் தாள்களைப் பயன்படுத்துவதாக இருந்தால் மாணவர் வீட்டில் கேட்பதற்கு முன் நானே பேசிவிடுகிறேன், எதைக் கிழித்துக்கொள்ளலாம் என்று சொல்லியே கேட்கிறேன்.

இரண்டாவது அமர்வுக்குக் குழுவில் ஒருவரையாவது மாற்ற வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அதே மூன்று பேர் மே மாதத்தில் ‘போதுமானது’ கொடுத்ததில் ஜனவரியின் குற்ற உணர்ச்சி கொஞ்சமும் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அந்த 50 சென்ட் கேள்வி வந்திருக்காவிட்டால் எனக்கே சந்தேகம் இருந்திருக்கும்.

நேரத்துக்கு மட்டும் வழி தெரியவில்லை. இவள் ஒருத்திக்காக ஜனவரியிலிருந்து மே வரை வாரம் இரண்டு மதியச் சாப்பாட்டு நேரம் போயிற்று. இந்த ஆண்டு என் பட்டியலில் 24 பேர், வாரத்தில் மதியச் சாப்பாடு ஐந்துதான். தலைமை ஆசிரியரிடம் ஒரு பீரியடைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றிருக்கிறார்.